சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மோல்

சுந்தரம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார், இனிப்பு தொடமாட்டார், யாரையும் அதட்டிப் பேசியதில்லை. துபாய் தேராவில் அவர் வேலை பார்க்கும் ஃபிளாட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்த சுந்தரம்பாள் இவ்வளவுதான்.

அல் அய்ன் சாலைப் பக்கம் ஒரு புல்தரையில் சனிக்கிழமைகளில் கூடும் நாற்பது ஐம்பது பேருக்கு வேறொரு சுந்தரம்பாளைத் தெரியும். அந்தச் சுந்தரம்பாள் நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள ஒரு தென்னாப்பிரிக்கக்காரனைப் பார்த்து, “ஏன்டா, காலையில சோறு திங்கலியா? நிமுந்து நில்லுடா, எரும!” என்று கத்தியிருக்கிறார். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அவன் நிமிர்ந்து நின்றிருக்கிறான்.

அவர் க்ரீக் பெலிக்கன்ஸ் என்ற ரக்பி அணியின் ரசிகை. பெலிக்கன் என்றால் கூழைக்கடா, அலகுக்குக் கீழே பை தொங்கும் பறவை. அணியும் கிட்டத்தட்ட அதுதான். கிடைக்கிற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், பந்து ஒன்றைத் தவிர. பகலில் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் வேலை பார்க்கும் ஆண்கள், வாரக் கடைசியில் முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஒருவர் காதை ஒருவர் நசுக்கிக்கொள்வார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. சுந்தரம்பாளுக்கு அவர்கள்மேல் மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். கண்டியில் ஒரு பெரிய பாடசாலையின் விடுதியில் ஒன்பது வருடம் துணி துவைத்தார். திங்கட்கிழமை காலையில் ரக்பிச் சட்டைகள் மூட்டையாக வரும். முதல் வருடம் அந்த விளையாட்டு அவருக்கு வெறும் கறைப் பிரச்சினை. பிறகு கறையைப் படிக்கக் கற்றுக்கொண்டார். தோளில் சேறு அப்பியிருந்தால் அது முன்வரிசைக்காரன். கழுத்து கிழிந்திருந்தால் அவனை யாரோ துரத்திப் பிடித்திருக்கிறார்கள். பதினான்காம் இலக்கச் சட்டை போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தால், ஓரத்தில் நின்ற அந்தப் பையனுக்குப் பந்தே போகவில்லை, ஆட்டம் தோல்வி. “இப்படிப் புரளுற பயலுக யாருன்னு பாத்து நாலு வார்த்த கேட்டுட்டு வர்றேன்” என்று ஒரு சனிக்கிழமை மைதானத்தின் பின்சுவருக்குப் போனார். ஆட்டம் முடிந்த பிறகுதான் தான் கேட்க வந்த நாலு வார்த்தை நினைவுக்கு வந்தது.

அதன்பின் சவூதியில், தம்மாமில் ஒரு வீட்டில் பதினொரு வருடம். “அங்க ரக்பி இல்ல, ஏழு புள்ளைங்க இருந்துச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்பார். அங்கிருந்து துபாய்க்கு, ஒரு நியூசிலாந்துக் குடும்பத்திடம் வந்தார். அந்த வீட்டுக்காரன் பெலிக்கன்ஸின் இரண்டாவது அணியில் ஆடினான். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டோரம் நிற்பது சுந்தரம்பாளின் சனிக்கிழமை வேலையானது.

இனி மோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்து வைத்திருப்பவனை எதிரணி கட்டிப் பிடிக்கும். அவன் விழாமல் நிற்பான். அவனுடைய ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து அவனைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் ஒரே கட்டியாக நின்று தள்ளுவார்கள். அந்தக் கட்டிக்கு மோல் என்று பெயர். உள்ளே மாட்டியவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுக்குக் கீழ்ப் பகுதி மட்டுமே தெரியும். எதிரணி எந்த நொடியில் தளர்ந்தது என்பது வெளியே கோட்டோரம் நிற்பவருக்குத்தான் தெரியும்.

பெலிக்கன்ஸ் தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோற்றிருந்த ஒரு மாலை. மோல் எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அசையாமல் நின்றது. எதிரணிக்காரன் ஒருவன் கால் வழுக்கியதை சுந்தரம்பாள் பார்த்தார். சேற்றில் மாட்டிய தோட்டத்து லொறியைப் பார்த்தவர் போடும் சத்தத்தைப் போட்டார். “தள்ளு! தள்ளுடா! தள்ளு!”

அணித்தலைவன் செமி ஃபிஜிக்காரன், கதவு அகலத் தோள். யாரோ ஏதோ முக்கியமாகச் சொல்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. தள்ளினான். கட்டி முழுதும் கோட்டைத் தாண்டி விழுந்தது. அன்றிலிருந்து ‘தல்லூ’ அந்த அணியின் இரகசிய உத்தரவு. சுந்தரம்பாள் கோட்டோரத்திலிருந்து கத்துவார், உள்ளே எட்டுப் பேர் எட்டு நாட்டு உச்சரிப்பில் திருப்பிக் கத்துவார்கள், எதிரணி முழிக்கும், பெலிக்கன்ஸ் வெல்லும். நியூசிலாந்துக் குடும்பம் ஊர் திரும்பியது. சுந்தரம்பாள் அணியோடேயே இருந்துவிட்டார்.

இப்போதைய வீடு யாழ்ப்பாணத்துக்காரர்களுடையது. துவாரகனும் பிரஷாந்தியும் அலுவலகம் போகிறவர்கள், ஒன்பது வயதில் லக்சிகா என்று ஒரு மகள். சனிக்கிழமை பின்னேரம் மகளை நடன வகுப்புக்குக் கூட்டிப் போவார்கள். அந்த நேரத்தில் செமியின் பிக்கப் கீழே வந்து நிற்கும், சுந்தரம்பாள் போய்விட்டு வருவார். எங்கே போகிறார் என்று பிரஷாந்தி கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சிக்கல் இந்த வாரம் வந்தது. சனிக்கிழமை லீக்கின் கடைசி ஆட்டம், முதலிடத்தில் இருக்கும் மெரினா மராடர்ஸுடன். வென்றால் பெலிக்கன்ஸுக்கு முதலிடம், கோப்பை. நடன வகுப்புக்கு விடுமுறை. அன்று இரவு ஏழு மணிக்கு வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. இது போதாதென்று செவ்வாய்க்கிழமை கார்மேகத்தின் போன் வந்தது.

கார்மேகம் அந்த மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்பவர், பரமக்குடிப் பக்கத்துக்காரர். பாலைவனத்தில் புல் வளர்க்க ஆறு நாள் பாடுபட்டு, ஏழாம் நாள் அதை முப்பது பேர் உழுது போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. ரக்பியை அவர் வெறுப்பது நியாயமே.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“புல்லு கருகிருச்சா?”

“அதெல்லாம் இல்லக்கா. நேத்து அந்த மராடர்ஸ்காரய்ங்க ரெண்டு பேரு வந்தாய்ங்க. மரியாதையா வணக்கமெல்லாம் சொன்னாய்ங்க. தல்லூன்னா என்ன அர்த்தம்னு கேட்டாய்ங்க.”

சுந்தரம்பாள் அடுப்பைச் சின்னதாக்கினார். “நீ என்ன சொன்ன?”

“வெள்ளக்காரன் வந்து தமிழ் கேக்குறானேக்கா! பெருமையா இருந்துச்சு. சொல்லிப்புட்டேன். மொதல்ல உச்சரிப்பத் திருத்துனேன். அப்பறம் ரோலரத் தள்ளியும் காமிச்சேன்.”

“தள்ளியும் காமிச்சியா?”

“ரெண்டு வாட்டி.”

“நீ நல்லா இருப்படா” என்று சொல்லி போனை வைத்தார். அது வாழ்த்து இல்லை என்பது கார்மேகத்துக்குத் தெரியும்.

கார்மேகம் செமியிடமும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அரை மணி நேரத்தில் அவன் குரல்பதிவு வந்தது. “ஆன்ட்டி, தல்லூ கலாஸ். நியூ வேர்ட் ப்ளீஸ். யூ கம், யூ டெல் மீ இன் இயர் ஒன்லி.” கலாஸ் என்றால் தீர்ந்தது, மாஃபி என்றால் இல்லை; இந்த இரண்டு அரபுச் சொற்களை வைத்தே வளைகுடாவில் காலத்தை ஓட்டுபவர்கள் உண்டு. போனில் சொல்லக் கூடாது, காதில்தான். கிளப் குழுவில் யார் வழியாக எது கசியும் என்று இனி யாருக்கும் நம்பிக்கையில்லை.

ஆக சுந்தரம்பாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும், வாயில் ஒரு புதுச் சொல்லோடு.

புதன்கிழமை மாலை பிரஷாந்தி சோபாவில் போனும் கையுமாக விருந்தாளிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சுந்தரம்பாள் கேட்டுவிட்டார். அவர் மேட்ச் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆட்டம் முழுவதையுமே மோல் என்று சொல்வது அவர் வழக்கம். மற்ற நேரமெல்லாம் சும்மா ஓட்டம், ஓடுகிறவர்கள்மேல் அவருக்கு மதிப்பில்லை.

“மேடம், சனிக்கெழம மூணு மணிக்குப் பெரிய மோல் ஒண்ணு இருக்கு. நான் கட்டாயம் போகணும்.”

“மோலோ?” பிரஷாந்தி போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “புதுசோ?”

“புதுசு இல்லீங்க. இந்தவாட்டி பெருசு.”

“எத்தினை மணிக்குத் திறக்கினம்?”

சுந்தரம்பாள் யோசித்தார். எதிரணியின் கட்டு எப்போது திறக்கும் என்று மேடத்துக்குக்கூட அக்கறை இருப்பது அவருக்கு ஆச்சரியம். “அது சொல்ல முடியாதுங்க. சில நாளு அஞ்சே நிமிசத்துல தெறந்துரும். சில நாளு கடைசிவரைக்கும் தெறக்காது.”

“உவங்கள் அப்பிடித்தான். விளம்பரம் மட்டும் பெருசாப் போடுவாங்கள்.”

“இந்தவாட்டி தெறந்துரும் மேடம். ஜெயிச்சுருவோம்.”

பிரஷாந்தி நிமிர்ந்தாள். “ஜெயிக்கிறதோ? என்ன குடுக்கினம்?”

“கப்பு.”

“கப்பும் குடுப்பினம், காரும் குடுப்பினம். போன வருசம் எங்கட ஒஃபிஸ் விஜிக்கு உப்பிடித்தான் ஒரு மோல்ல டினர் செட் விழுந்தது. ஆறு மாசமா அதைத்தான் கதைக்கிறாள்.” போனைக் கீழே வைத்தாள். “அக்கா, நாங்களும் வாறம். ரோல்ஸ், இடியப்பம் எல்லாத்தையும் விடியவே முடிச்சிடுங்கோ. துவா, சனிக்கிழமை மூண்டு மணிக்கு மோலுக்குப் போறம். லக்கி டிரோவாம்.”

உள்ளறையிலிருந்து துவாரகன், “கூப்பன் எத்தினை குடுப்பாங்களாம்?” என்றான்.

கூப்பன் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் நடந்தது என்னவென்று சுந்தரம்பாளுக்கு விளங்கியது. மாதத்துக்கு ஒரு ஷொப்பிங் மோல் திறக்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் வரும்? வாயைத் திறந்தார். திருத்தினால் சனிக்கிழமை போய்விடும். மூடினார். தான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை வெங்காயம் வெட்டும்போது மூன்று தடவை சரிபார்த்தார். மோல் என்றார், மோல்தான். பெரியது என்றார், பெரியதுதான். காரைக் கொண்டுவந்தது மேடம்.

வியாழக்கிழமை லக்சிகா பாடசாலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, எங்கட ஸ்போர்ட்ஸ் டீச்சர் உங்களத் தெரியுமெண்டு சொன்னார். ஹி பிளேஸ் ஃபார் பெலிக்கன்ஸ். உங்கட மோல் எம்-ஏ-யு-எல், இல்லையா?”

சுந்தரம்பாள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். “அது மெதுவாச் சொல்லும்மா.”

“அம்மா திங்க்ஸ் இட்ஸ் எம்-ஏ-எல்-எல்.”

“எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது. வாயால சொன்னேன், ஒரே மாதிரி இருந்துச்சு.”

லக்சிகா அம்மாவின் மகள்தான், வாயைச் சும்மா மூட மாட்டேன் என்றாள். அந்த அணிக்கு ஒரு கூழைக்கடாத் தலை உண்டு. பஞ்சும் துணியும் வைத்துச் செய்த பெரிய மஞ்சள் அலகுத் தலை, அதை யாராவது மாட்டிக்கொண்டு கோட்டோரம் ஆடுவார்கள். சனிக்கிழமை அது தன் தலையில் இருக்க வேண்டும் என்றாள். பேச்சு அங்கே முடிந்தது.

சொல்தான் கிடைக்கவில்லை. ‘நகத்து’ செமியின் வாயில் நுழையாது. ‘இழு’ எதிர்த்திசை. ‘அடி’ என்று கத்தினால் நடுவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் வம்பு, தென்னாப்பிரிக்கக்காரனுக்குத் தெரிந்திருந்தால் அதைவிட வம்பு. சனிக்கிழமை விடியற்காலையில் விருந்துக்கு இடியப்பம் பிழிய உட்கார்ந்தார். மா இறுகிப் போயிருந்தது, உரல் இறங்க மறுத்தது. முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டே தன்னையறியாமல் ஏதோ முனகினார். முனகியது தன் காதில் விழுந்ததும் நிறுத்தினார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தனியாக இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என்னக்கா, விடியவே சிரிப்பு?” என்று பிரஷாந்தி எட்டிப் பார்த்தாள்.

“மா நல்லா வந்துருக்கு மேடம்.”

இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. பிரஷாந்தி, பரிசாக விழப்போகும் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஏற்ற நீலப் புடவையும் குதியுயர்ந்த செருப்பும் அணிந்திருந்தாள்.

“எந்த மோல் அக்கா? பேரைச் சொல்லுங்கோ, மேப்பில போடுவம்” என்றான் துவாரகன்.

“நேரா அல் அய்ன் ரோட்டப் புடிங்க சார். நான் சொல்றேன்.”

கட்டடங்கள் குறைந்தன. மணல் வந்தது. பிரஷாந்தி இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லக்சிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டு காலுக்கு இடையில் குனிந்திருந்தாள். சுந்தரம்பாள் சொன்ன இடத்தில் கார் திரும்பியது. தூரத்தில் புல்தரையும், அதன் இரு முனையிலும் இரண்டு உயரமான வெள்ளைக் கம்பங்களும் தெரிந்தன.

“உதென்ன, எச் எழுத்து மாதிரி நிக்குது?” என்றாள் பிரஷாந்தி. “மோல் எங்க?”

லக்சிகாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “அம்மா, இட்ஸ் எம்-ஏ-யு-எல்!” என்று வெடித்தாள்.

மகள் மூச்சு விடாமல் விளக்கி முடிக்கும்வரை பிரஷாந்தி முன்னால் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். “அக்கா. அப்ப கார்?”

“அது நீங்களாச் சொன்னது மேடம்.”

“லக்கி டிரோ?”

“அதுவும்.”

“துவா, காரைத் திருப்புங்கோ.”

சுந்தரம்பாள் கதவுப் பிடியில் கை வைத்தார். குரல் உயரவில்லை. “நீங்க திரும்பிப் போங்க மேடம், ஒண்ணும் சொல்லல. என்ன மட்டும் எறக்கி விட்டுருங்க. ராத்திரி விருந்துக்கு முன்ன வந்துருவேன். இந்த வருசத்துக்கு முன்ன மூணு வருசம் தோத்துக்கிட்டே இருந்த பயலுக. இன்னிக்கி நான் அங்க நிக்காட்டி எப்பத் தள்ளணும்னு அவனுகளுக்குத் தெரியாது. கண்ணு தெரியாம கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்பானுக.”

துவாரகன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். திருப்ப வழியில்லை. பின்னால் ஆறு கார்கள். முன்னால் ஒருவர் செம்மஞ்சள் கூம்பை ஆட்டி ஆட்டி அவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்மேகம். தன் பாவத்துக்குப் பரிகாரமாக, கோட்டுக்கு ஆகப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்தார்.

“வாங்க சார், வாங்க! அக்காவோட ஓனருங்களா? எடது, எடது, ஒடிங்க!” கார் நின்றது. பிரஷாந்தி கோபத்தோடு இறங்கினாள். குதி சக்கென்று புல்லில் புதைந்தது. கார்மேகத்தின் முகம் கோணியது. “அம்மா, அந்தச் செருப்பக் கொஞ்சம்… நேத்துத்தான் தண்ணி விட்டேன்.”

“பத்து நிமிசம்” என்றாள் பிரஷாந்தி, கார் கதவைப் பிடித்தபடி. “பத்தே நிமிசம். கார்கள் விலகினதும் வெளிக்கிடுறம். துவா, என்ஜினை நிப்பாட்டாதேங்கோ.”

அதற்குள் செமி மைதானத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தான். கதவு அகல ஆள், ஒரு காதில் பிளாஸ்திரி. வந்தவன் சுந்தரம்பாளுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி, காதைக் கொடுத்தான். சுந்தரம்பாள் கையை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னார். அவன் உதட்டை அசைத்துப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் ஓடிப்போனான்.

பிரஷாந்தியின் கை கார் கதவிலிருந்து நழுவியது. “அக்கா, அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“சீக்ரெட் மேடம்.”

“எனக்குமோ?”

“உங்களுக்குந்தான். அந்த மூலையில மராடர்ஸோட நீலச் சட்டக்காரன் ரெண்டு பேரு நம்மளயே பாத்துக்கிட்டு நிக்கிறானுக, பாருங்க. கொஞ்சம் பொறுங்க. தன்னால கேக்கும்.”

கார்கள் விலகின. வழி திறந்தது. துவாரகன் ஹாரனை ஒரு தடவை மெல்ல அடித்தான். பிரஷாந்தி திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுந்தரம்பாளுக்குப் பக்கத்தில் கோட்டோரம் வந்து நின்றாள். அவர்களுக்கு முன்னால், இடுப்புவரை வந்த மஞ்சள் அலகோடு ஒரு குட்டிக் கூழைக்கடா திசை தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஊதல் ஒலித்தது. ஏழாவது நிமிடம் பெலிக்கன்ஸ் வீசிய பந்தைச் செமி வானத்திலிருந்து பிடித்து இறங்கினான். நீலச் சட்டைகள் அவனைக் கட்டிக்கொண்டன. மற்றவர்கள் வந்து ஒட்டினார்கள். எல்லைக் கோட்டுக்கு நாலு முழம்.

“அந்தா மேடம்” என்றார் சுந்தரம்பாள். “அதுதான் மோல்.”

“இதுக்கோ நான் சீலை கட்டிக்கொண்டு வந்தனான்?”

சுந்தரம்பாள் கண்ணைச் சுருக்கி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில், “தள்ளு!” என்று ஒரு சத்தம் போட்டார். நீலச் சட்டைகள் எல்லோரும் காலை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். பெலிக்கன்ஸ் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பிடித்த மூச்சை யாரும் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்? நீலக் கட்டின் இடப்பக்கம் ஒரு தோள் தாழ்ந்தது.

“முக்கு!” என்றார் சுந்தரம்பாள். “முக்குடா! முக்கு!”

“மூக்கூ!” என்று எட்டு நாட்டு ஆண்கள் உள்ளேயிருந்து முழங்கினார்கள்.

“ஐயோ கடவுளே” என்று பிரஷாந்தி செருப்பால் வாயைப் பொத்தினாள். “அக்கா, அது பிள்ளைப்பெறுவு வாட்டில சொல்லுறதெல்லே!”

“அங்கயும் தலை தெரியற நேரந்தான மேடம்! முக்குடா!”

கட்டி நகர்ந்தது. நாலு முழம் மூன்றானது, இரண்டானது. கூழைக்கடாத் தலைக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் அதையே கத்தியது. பிரஷாந்தி மகளை அதட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவள் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது.

மொத்தக் கூட்டமும் கோட்டைத் தாண்டிக் கார்மேகத்தின் புல்மேல் சரிந்தது. அடியில் எங்கோ செமியும் பந்தும் இருந்தார்கள். நடுவரின் கை உயர்ந்தது. ஆட்டத்தில் இன்னும் எழுபத்திரண்டு நிமிடம் பாக்கி. துவாரகன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

எழுந்த நீலச் சட்டைக்காரன் ஒருவன் மூக்கில் மண்ணோடு கோட்டோரம் வந்தான். திங்கட்கிழமை வந்து வணக்கம் சொல்லித் தமிழ் கேட்ட அதே ஆள். கார்மேகத்தைப் பார்த்துக் கை கூப்பினான். வணக்கம் என்றான். அந்தப் புதுச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.

கார்மேகம் சுந்தரம்பாளைப் பார்த்தார். பெயர்ந்து கிடந்த புல்லைப் பார்த்தார்.

“தமிழ் மாஃபி” என்றார்.